உறக்கமும் ஒரு பயிற்சியே

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஓடுகிறவர்களுக்கும் பந்தாடுகிறவர்களுக்கும் உடலே சுவர். அந்தச் சுவரில் விழும் சிறு கீறல்களை நாம் கவனிக்கிறோமா? இக்கேள்வியைத்தான் அன்புத் தோழியர் முன் வைக்க விரும்புகிறேன். படித்து அறிந்ததோடு, பட்டு அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பட்ட பாடு

என் வீடு வில்லாபுரத்தில் இருக்கிறது. காலை 5 மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, 6 மணிக்கு ஓட்டப் பயிற்சிக்கு வந்துவிடுவேன். பிறகு பள்ளி, மாலையில் மீண்டும் பயிற்சி, இரவு 9 மணி வரை டியூஷன். சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதிப் படுக்கும்போது பதினொன்றரை ஆகிவிடும். கணக்கிட்டுப் பார்த்தால் ஐந்தரை மணி நேர உறக்கம்தான். "மாடுகூட ராத்திரியானா படுத்து அசை போடுது. உனக்கு மட்டும் என்னடி?" என்று அம்மாச்சி கேட்பார். நான் சிரித்துக்கொண்டே போய்விடுவேன்.

குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது, பயிற்சியில் என் வலது கணுக்கால் பிசகியது. லேசான வீக்கந்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் என்னை எடுத்துவிட்டு, மாற்று ஆட்டக்காரியைச் சேர்த்துவிடுவார்களே என்ற பயம். காலுறையை உயர்த்தி வீக்கத்தை மறைத்தேன்.

போட்டியன்று மூன்றாவதாக ஓடினேன். வளைவில் திரும்பும்போது கால் தாங்கவில்லை. நொண்டிக்கொண்டே போய்க் கோலைக் கொடுத்தேன். எங்கள் அணி கடைசியாக வந்தது. மற்ற மூவரும் அழுதார்கள். ஆனால் என் நெஞ்சைச் சுட்டது வேறொன்று. நன்றாக உறங்கி, நல்ல காலோடு, மாற்று ஆட்டக்காரி மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குரிய ஓட்டத்தை நான் பறித்துக்கொண்டேன்.

அன்று மாலை எங்கள் விளையாட்டு ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?" என்று மட்டும் கேட்டார். கால் வலிக்கும் உறக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்று எனக்குப் புரியவில்லை. அதைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

உறங்கும்போது உடல் செய்யும் வேலை

உறக்கம் என்பது சும்மா கிடப்பதன்று. ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. பயிற்சியில் தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சேதங்கள் அப்போது சீராகின்றன. பகலில் பழகிய அசைவுகளையும் படித்த பாடங்களையும் மூளை பதித்துக்கொள்வதும் உறக்கத்தில்தான். உறக்கம் குறைந்தால் கவனம் மங்கும். கண் கண்டதற்குக் கால் பதில் சொல்லத் தாமதமாகும். களைத்த கால் தரையில் கோணலாக விழுந்து சுளுக்கிக்கொள்ளும்.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் அறிவித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 112 பள்ளி விளையாட்டு மாணவ மாணவியரை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. 8 மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்கள் சில வாரங்கள் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கப் பழகினார்கள். அவர்களுடைய ஓட்ட வேகமும் கூடை எறியும் குறியும் முன்னேறின என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

"சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வருவதில்லையே" என்பீர்கள். நம் வயதில், உறக்கத்தை அழைக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோன் இரவில் சற்றுத் தாமதமாகவே சுரக்கிறது. அது நம் சோம்பேறித்தனம் அன்று. ஆனால் கைப்பேசியின் வெளிச்சம் அதை மேலும் தள்ளிப்போடுகிறது. அதைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

நம் மதுரையின் மகள்

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியை அறியாதவர் யார்? சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரைக் கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். வெறுங்காலோடு ஓடிய அவருடைய திறமையைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுகொண்டார். லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க அவர் உதவினார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் முகம்மது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகியோருடன் ரேவதி ஓடினார்.

இவ்வரலாற்றைப் படிக்கும்போது பலரும் காலணியைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த விடுதிதான் பெரிதாகத் தெரிகிறது. ஊரிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் போய்வரும் நேரமும் அலைச்சலும் மிச்சமாகின்றனவே! ஏழை வீட்டுப் பெண்ணுக்கு ஓய்வுக்கான நேரமும் யாராவது ஏற்பாடு செய்து தர வேண்டியதாகவே இருக்கிறது.

ஓய்வெடுத்தால் பின்தங்கிவிடுவோம் என்று அஞ்சுவோருக்கு நீரஜ் சோப்ரா நல்ல சான்று. 2019-இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அவ்வாண்டு உலகப் போட்டியையே அவர் விட்டுக்கொடுத்தார். 2021 ஆகஸ்டு 7-ஆம் நாள் 87.58 மீட்டர் ஈட்டி எறிந்து ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

களைப்பின் வேறு காரணங்கள்

எல்லாக் களைப்பும் உறக்கக் குறைவால் வருவதன்று. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பையில் போட்டுவைக்காமல் விழுங்க வேண்டும். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு ஓடக் கூடாது. பயிற்சி மிகுந்து உணவு குறைந்து, மாதவிலக்கு தொடர்ந்து தவறுமானால் வெட்கப்படாமல் அம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிறு காயம் பட்டால்

1. வலித்தவுடன் விளையாட்டை நிறுத்துக.
2. சுளுக்கிய இடத்தில் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வைக்கலாம், வலி குறையும். நெடுநேரம் வேண்டாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978-இல் எழுதிய டாக்டர் கேப் மிர்க்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் கூறினார்.
3. மிக இறுக்காமல் கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணைமேல் காலை உயர்த்தி வைக்கவும்.
4. முதல் இரண்டு நாட்கள் எண்ணெய் தேய்த்து நீவுவதும் சூடு வைப்பதும் கூடாது.
5. நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ மருத்துவரிடம் செல்க.
6. தலையில் அடிபட்டால் அன்று மீண்டும் ஆடவே கூடாது. உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முடிவுரை

இப்போது நான் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறேன். அப்பாவிடம் பேசியதில், அவர் காலையில் தண்ணீர் பிடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். நான் ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் போதும். வாரத்தில் இரண்டு நாள் மாலைப் பயிற்சியும் இல்லை. இன்னும் எட்டு மணி நேரம் முழுமையாகக் கிடைக்கவில்லை. பொதுத் தேர்வும் நெருங்குகிறது. ஆயினும் வகுப்பில் கண் சொருகுவது குறைந்திருக்கிறது, காலும் தேறிவிட்டது. மாற்று ஆட்டக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த போட்டியில் மூன்றாவது ஓட்டம் அவளுடையது.

தோழியரே! "எனக்கு வலிக்கிறது" என்று சொல்வது கோழைத்தனம் அன்று. உடன் ஓடுகிறவர்களுக்கு நாம் செய்யும் நேர்மை அது. நன்கு உண்போம், நன்கு உறங்குவோம், பிறகு நன்கு ஓடுவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு