பழைய டிரெய்லருக்குப் புதுப் பூச்சு: குறைந்த செலவில் இரும்பைக் காக்கும் முறை

இரும்பு உறுதியான உலோகம். ஆயினும் நிலையான உலோகம் அன்று. தாதுவாக மண்ணில் கிடந்து, உலையில் பிராணவாயு நீக்கப்பட்டுப் பெறப்படும் இவ்வுலோகம், நீரும் காற்றும் ஒருங்கே கிடைக்கும்போதெல்லாம் தன் பழைய ஆக்சைடு நிலைக்கே திரும்ப முயல்கிறது. இம்மீட்சியே துரு எனப்படுவது.

மைசூரு, மண்டியா வட்டாரங்களில் கரும்பு, நெல், எரு, உரம் ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லர்களில் இம்மாற்றத்தை எளிதிற் காணலாம். தளத் தகடு அரித்து ஓட்டை விழுந்தால் தானியம் சிந்தும். அது பொருள் நட்டம். அடிச்சட்டத்தின் பற்றவைப்போ, டிராக்டருடன் இணைக்கும் கொக்கியின் அடியோ அரித்துப்போனால், ஏற்றிய பாரத்துடன் வண்டி நடுச்சாலையில் பிரிந்து உயிர்ச்சேதமும் நேரக்கூடும். ஆகவே பழைய டிரெய்லருக்குப் பூச்சடிப்பது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அன்று. கைப்பணம் குறைவாக உள்ளவர் அதனை எங்குச் செலவிட வேண்டும், எங்குச் சிக்கனம் செய்யலாம் என்பதை இனிக் காண்போம்.

பற்று என்னும் பண்பு

மைசூரு பூச்சுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். 1937ஆம் ஆண்டில் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அங்கு அரக்கு, வர்ணத் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. 1989 முதல் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் லிமிடெட் என வழங்கும் அந்நிறுவனம், 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் தொட்டு வாக்காளர் விரலில் இடும் அழியா மையையும் தயாரித்து வருகிறது. அம்மையின் செய்முறையை வகுத்தது தேசியப் பௌதிக ஆராய்ச்சிக்கூடம்.

மை, வர்ணம் ஆகிய இரண்டும் ஒரே ஆலையில் உருவாயினும், அவை பற்றும் விதம் வேறு. மையிலுள்ள வெள்ளி நைட்ரேட்டு தோலிலுள்ள பொருள்களுடன் இரசாயனமாகச் சேர்ந்து, ஒளி பட்டுக் கருக்கிறது. சோப்பிட்டுக் கழுவினாலும் அது போவதில்லை. இரும்பின்மீது பூசும் சாதாரண வர்ணமோ, பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்களைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது. இடையில் எண்ணெயோ, தூசியோ, தளர்ந்த துருவோ இருந்தால், வர்ணம் அவற்றைத்தான் பற்றும், இரும்பைப் பற்றாது. எனவே பூச்சின் ஆயுளை நிர்ணயிப்பதில் டப்பாவின் விலையைவிட, பூசுவதற்கு முன் பரப்பு ஆயத்தம் செய்யப்பட்ட விதமே முதன்மையானது.

துரு பிறக்கும் இடம்

ஆங்கில விஞ்ஞானி யூலிக் ஈவன்ஸ் 1920களில் ஓர் எளிய சோதனையால் துருவின் இயல்பை விளக்கினார். சுத்தமான இரும்புத் தகட்டின்மீது ஒரு துளி உப்பு நீரை வைத்தால், பிராணவாயு எளிதில் எட்டும் துளியின் ஓரம் கேடுறுவதில்லை. பிராணவாயு குறைந்த நடுப்பகுதியே கரைகிறது. ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே சிறு மின்னோட்டம் நிகழ்வதே இதற்குக் காரணம். உப்பு அந்நீரை நல்ல மின்கடத்தியாக்குகிறது.

டிரெய்லரில் இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பு, சட்டத்தின் மூலை, சேறு தங்கும் இடுக்கு ஆகியவை இத்துளியின் நடுப்பகுதியை ஒத்தவை. அகன்ற தகட்டின் நடுவைவிட இடுக்குகளே முதலில் அரிப்பது இதனால்தான். மேலும், துரு தான் தோன்றிய இரும்பைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். பூச்சின் கீழ் அது வளரும்போது பூச்சு கொப்பளித்து உரிகிறது.

முதல் வேலை கழுவுதல்

காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோக அரிப்பை ஆராய்ந்து வந்துள்ளது. கடற்காற்று சுமந்துவரும் குளோரைடு உப்பு இரும்புக்குக் கொடிய பகை. மைசூரு கடலுக்குத் தொலைவில் உள்ளது. ஆயினும் அவ்வுப்பு வேறு வழியில் டிரெய்லரை அடைகிறது. பொட்டாஷ் உரம் என்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடே. கிழிந்த சாக்கிலிருந்து சிந்திய ஒரு பிடி உரம், மழைநீரில் கரைந்து இடுக்குகளில் இறங்கிவிடுகிறது.

ஆகையால் சுரண்டுவதற்கு முன்பே டிரெய்லரைச் சோப்பு நீரால் கழுவி, பிறகு நல்ல நீரை விசையுடன் பாய்ச்சி அலச வேண்டும். கழுவாமல் தேய்த்தால் உப்பும் மசகும் பரப்பெங்கும் பரவும். மசகு படிந்த இடங்களை டர்பென்டைனில் நனைத்த துணியால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். செலவில்லாத இவ்வேலையைத் தவிர்ப்பவர், பின்னர் இருமுறை பூச்சு வாங்க நேரிடும்.

எதை நீக்குவது, எதை விடுவது

பழைய பூச்சு முழுவதையும் நீக்க வேண்டியதில்லை. கூரிய கத்தியால் பூச்சில் பெருக்கல் குறிபோல் கீறி, ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டி விரைவாக இழுத்துப் பார்க்கலாம். பூச்சு நாடாவுடன் வராவிடில் அது நன்கு பற்றியுள்ளது; அதனை உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பை மட்டும் போக்கினால் போதும். உறுதியான பழைய பூச்சு, காசில்லாமல் கிடைத்த முதற்பூச்சே ஆகும்.

உரிந்த பூச்சையும் தளர்ந்த துருவையும் சுரண்டியாலும் கம்பி பிரஷாலும் அகற்ற வேண்டும். தட்டினால் அடுக்கடுக்காக உதிரும் துருவின்மேல் எதைப் பூசினாலும் பயனில்லை. சுத்தியால் தட்டும்போது மந்தமான ஒலி எழுப்பும் சட்டத்தையும் வெடிப்புக் கண்ட பற்றவைப்பையும் பூச்சால் மறைத்தல் ஆபத்து. அவற்றை முதலில் பட்டறையில் செப்பனிடல் வேண்டும்.

அகற்ற இயலாத மெல்லிய துருவுக்குப் பாஸ்பாரிக அமிலமோ டானினோ கலந்த திரவங்கள் கடைகளில் உள்ளன. கடுக்காய்ச் சாற்றில் இரும்பாணியை இட்டால் அது கருப்பதைப் பலரும் கண்டிருப்பர். கடுக்காயிலுள்ள டானின் இரும்புடன் சேர்ந்து கரையாத கரிய பொருளாவதே அதற்குக் காரணம். டானின் கலந்த திரவங்களும் அவ்வாறே மெல்லிய துருவை மாற்றுகின்றன. தடித்த துருவுக்கு அவை மருந்தாகா.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பூச்சுகளில் ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடும். 2016இல் இந்திய அரசு இயற்றிய விதி, வீட்டு உபயோகப் பூச்சுகளிலும் அலங்காரப் பூச்சுகளிலும் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்கு என வரையறுத்தது. பழைய டிரெய்லரின் பூச்சுக்கு அவ்வுறுதி இல்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பூச்சை நீர் தெளித்து ஈரமாகவே தேய்க்க வேண்டும். தீச்சுடரால் எரித்து நீக்கலாகாது. தகுந்த முகமூடி அணிந்து, கீழே விரிப்பிட்டு, உதிர்ந்த தூளைத் திரட்டி அகற்றுதல் வேண்டும். வேலை நடக்குமிடத்தில் குழந்தைகளும் கால்நடைகளும் வராமல் காத்தல் கடமை.

பூச்சுகளின் வரிசை

சிவப்பு ஆக்சைடு பிரைமரின் நிறம் தரும் பொருளும் இரும்பின் ஆக்சைடே. அது தடுப்பாக நிற்குமேயன்றித் தானே துருவை அடக்காது. துத்தநாகப் பாஸ்பேட்டு கலந்த பிரைமர் அப்பணியைச் செய்யும். துத்தநாகக் குரோமேட்டு கலந்தது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடுமாதலால் அதனைத் தவிர்த்தல் நலம்.

கூரிய விளிம்புகளில் ஈரவர்ணம் விலகி மெலிந்துவிடும். ஆதலால் விளிம்பு, பற்றவைப்பு, ஆணித்தலை ஆகியவற்றை முதலில் பிரஷால் தனியே பூசி, அதன் பின்னரே முழுப்பரப்பையும் பூச வேண்டும். ஒரு தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் சிறந்தவை. கடுமையான தின்னர் பழைய எனாமலைச் சுருங்கி எழச் செய்யுமாதலால், எனாமலைக் கரைக்க டர்பென்டைனே தகும்.

மைசூருவில் மழையற்ற மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. காலைப் பனி உலர்ந்த பின் தொடங்கி, தகடு கையால் தொட முடியாதபடி சுடுவதற்குள் நிறுத்துவது முறை.

சிக்கனக் கணக்கு

10 அடி நீளமும் 6 அடி அகலமும் 2 அடி உயரப் பக்கத் தகடுகளும் உள்ள டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். தளத்தின் இரு முகங்களும் 120 சதுர அடி. பக்கத் தகடுகளின் இரு முகங்களும் 128 சதுர அடி. சட்டம், சக்கர வட்டு முதலியவற்றுக்குச் சுமார் 50 சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 300 சதுர அடி, அதாவது 28 சதுர மீட்டர். ஒரு லிட்டர் வர்ணம் நடைமுறையில் 9 சதுர மீட்டரை மூடும் எனக் கொண்டால், ஒரு முழுப் பூச்சுக்குச் சுமார் 3 லிட்டர் தேவை.

எங்கும் இருமுறை எனாமல் பூசினால் 6 லிட்டருக்கு மேல் செல்லும். ஆனால் உட்புறத்தைப் பாரம் தேய்த்துக்கொண்டே இருக்கும். அங்கு ஒருமுறை பூசி, ஆண்டுதோறும் தேய்ந்த இடங்களைத் தொட்டுவிடலாம். வெயில் படாத தளத்தின் அடிப்பக்கத்துக்கு எனாமலுக்குப் பதில் மலிவான பிட்டுமன் கருப்பு போதும்; அதன்மேல் எனாமல் பூசினால் கறை மேலெழும் என்பதை நினைவிற்கொள்க. வெளிப்புறத்துக்கும் சட்டத்துக்கும் மட்டும் இருமுறை எனாமல். இவ்வாறு செய்தால் எனாமல் 4 லிட்டருக்குள் அடங்கும். பிரைமரில் மட்டும் சிக்கனம் கூடாது. வெளிப்பட்ட இரும்பு முழுவதும் இருமுறை பெற வேண்டும்.

வண்டி எண், சட்டத்தில் பொறித்த எண், ஒளி திருப்பும் வில்லைகள் ஆகியவற்றின்மேல் வர்ணம் படலாகாது. இரவில் விளக்கின்றி நிற்கும் டிரெய்லரைப் பின்வருவோர்க்குக் காட்டுவன அவ்வில்லைகளே. உடைந்தவற்றை இச்சமயத்திலேயே மாற்றுதல் வேண்டும்.

பூச்சு முடிந்த பின்னும் காப்பு முடிவதில்லை. உரம் ஏற்றிய நாளிலேயே டிரெய்லரைக் கழுவி, நீர் வடியுமாறு சற்றுச் சாய்த்து நிறுத்தும் வழக்கம் இருந்தால், சிறு செலவில் பூசிய பூச்சும் நெடுநாள் உழைக்கும்.