ஊசி போடும்போது குழந்தையைத் தேற்றுவது எப்படி?

கிளினிக் நாளன்று சில தாய்மார் குழந்தையை மற்றவரிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "பிள்ளை அழுவதைப் பார்க்க மனம் தாங்காது" என்று அடுத்த ஊசிக்குப் போகாமல் விடுபவர்களும் உண்டு.

இது ஆபத்தானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்தில் கிடுகுக் கொட்டில்களில் நெருங்கி வாழ்ந்தன. அப்படியான இடத்தில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தால் அயல் பிள்ளைகளுக்கும் விரைவில் தொற்றும். ஊசியை விடக்கூடாது, நோவைக் குறைக்கலாம். இதற்கான ஆலோசனைகளை உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்டது. அவற்றுக்குப் பணம் தேவையில்லை.

1. மடியில் வைத்திருங்கள்.
படுக்கவைத்து அமுக்கினால் பயம் கூடும். நிமிர்த்தி நெஞ்சோடு அணையுங்கள். ஊசி போடும் கால் அசையாதபடி மெதுவாகப் பிடியுங்கள்.

2. தாய்ப்பால் கொடுங்கள்.
சொட்டு மருந்து இருந்தால் அது முதலில். பின் பால் கொடுக்கத் தொடங்குங்கள். ஊசி போடும்போதும் நிறுத்த வேண்டாம். தாயின் உடற்சூடு, உறிஞ்சுதல், பாலின் இனிப்பு ஆகிய மூன்றும் நோவைத் தணிக்கும். தேன், சீனித்தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

3. அமைதியாயிருங்கள்.
உங்கள் பதற்றம் பிள்ளைக்கும் தொற்றும். தாலாட்டும் குரலில் பேசுங்கள். மனம் தாங்காவிட்டால் வாப்பாவோ உம்மம்மாவோ பிடிக்கட்டும்.

4. பொய் சொல்லாதீர்கள்.
ஒன்றரை வயது, மூன்று வயதுப் பிள்ளைகளிடம் "நோகாது" என்று சொன்னால், அடுத்தமுறை உங்களை நம்பமாட்டார்கள். "கொஞ்சம் நோகும், உம்மா பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். விளையாட்டுப் பொருளைக் காட்டிக் கவனத்தைத் திருப்புங்கள். "குழப்படி செய்தால் ஊசி போடுவேன்" என்று வீட்டில் வெருட்ட வேண்டாம்.

5. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.
வீங்கினால் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் கொடுக்கும் அளவை மருத்துவமாதுவிடம் கேளுங்கள். நோகாமலிருக்க முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். ஊசி போட்டவுடன் வீட்டுக்குப் புறப்படாமல், சொல்லும் நேரம்வரை கிளினிக்கில் இருங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, விடாத அழுகை இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இடம்பெயர்ந்தபோது பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு தொலைந்திருந்தால் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். தவறிய ஊசிகளில் பலவற்றைப் பிந்தியும் போடலாம்.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் காணப்பட்டார். யுத்தத்துக்குள்ளும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்த தாய்மாருக்கு இதில் பெரும் பங்குண்டு. ஒரு நிமிட அழுகை தாயின் மடியில் அடங்கிவிடும். போலியோ முடமாக்கிய கால் ஆயுளுக்கும் திரும்பாது.

கலந்துரையாடுவோம்:
* நமது பகுதியில் ஊசி தவறிய பிள்ளைகள் யார்? காரணம் என்ன?
* அடுத்த கிளினிக் நாளில் தனித்த தாய்மாருக்குத் துணையாக யார் போவது?