கம்பம் பள்ளத்தாக்கில் தொழிலும் பொழுதுபோக்கும்

அகப்பொருள் இலக்கணம் கூறப் புகுந்த நாற்கவிராச நம்பி, ஐந்நிலத்தின் கருப்பொருள்களை விரிக்குமிடத்துத் தொழில் என்பதன்கீழ் அமைத்துள்ளவற்றை உற்று நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். மருதநிலத்தார்க்குக் களை கட்டலும் நெல் அரிதலும் கடாவிடலும் தொழிலெனக் கூறிய ஆசிரியர், விழாக் கொண்டாடலையும் குளம் குடைதலையும் புதுப்புனலாடலையும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணினார். முல்லைக்கு ஏறு தழுவலும் குரவையும் தொழில். குறிஞ்சிக்குச் சுனையாடலும் தொழில். உழைப்பு வேறு, பொழுதுபோக்கு வேறு என இக்காலத்தார் வகுக்கும் வகை அவர்க்கு உடன்பாடன்று போலும். இக்கருத்து ஏட்டளவில் நிற்பதோ, வாழ்விலும் காணக்கிடப்பதோ என்பதனை, யான் பிறந்து வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மேற்கே தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் எல்லையாய் நிற்கும் மலைத்தொடர், கிழக்கே மேகமலை. இவற்றிடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வடகிழக்கு நோக்கிச் செல்கின்றன. மலைமுகட்டில் ஏலமும் தேயிலையும், அடிவாரத்தில் மேய்ச்சற்காடு, தாழ்ந்த நிலத்தில் நெல்லும் வாழையும் தென்னையும். ஒரு நிலம் மற்றொன்றொடு மயங்குவதில்லை என்றார் தொல்காப்பியர். இங்கும் நிலம் மயங்கவில்லை, மனிதனே மயங்குகின்றான். வைகறையில் மருதத்து வீட்டினின்று புறப்பட்டு, ஜீப்பில் நெருங்கி அமர்ந்து கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ குறிஞ்சிக்கு ஏறி, ஏலக்காய் பறித்து, இருள் சூழ்ந்தபின் மீளும் பெண்டிரை எத்திணையார் என்பது?

மருதம் என்றேன்; அம்மருதமும் பெரும்பாலும் மனிதர் ஆக்கியதே. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டித் தீர, இப்பால் வானம் பார்த்த பூமியே மிகுதியாக இருந்தது. 1886-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை செய்துகொண்டு, பென்னிகுக் என்னும் பொறியாளர் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு, அடித்தளத்தினின்று 176 அடி உயரத்தில் முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டினர். 1895-இல் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலிற் கலந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிற்று. இன்று இப்பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகின்றது. அப்பொறியாளர் பிறந்த நாளாகிய ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருதலின், அவர் படத்தின்முன் பொங்கலிடும் ஊர்கள் உள. லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபமும் எழுந்தது.

புதுப்புனலாடல் என நம்பி குறித்தது இங்கே நேரிற் காணத்தக்கது. ஜூன் மாதத்தில் முதற்போகத்திற்கு நீர் திறந்து விடுங்கால், வாய்க்காற் கரைக்குச் சென்று பூத்தூவி வணங்குவர். சிறுவர் அன்றே குதித்து நீந்துவர். நாற்றங்காற் பணியும் அன்றே தொடங்கும். விழா எது, வேலை எது எனப் பிரித்தல் அரிது. விடுமுறை நாளில் சுருளி அருவிக்குச் செல்வதும் சுனையாடலின் எச்சமே. ஆயினும் இப்பொழுது அங்கே சோப்புறைகளே மிகுதி. ஏறு தழுவலுக்குச் சின்னமனூரை அடுத்த அய்யம்பட்டியும் பல்லவராயன்பட்டியும் பெயர் பெற்றவை. கம்பத்திலுள்ள நந்தகோபாலன் கோயில் தொழுவிலோ, தம்பிரான் மாடு எனப்படும் காளையே தெய்வமாக வணங்கப்படுகின்றது. மாட்டுப்பொங்கலன்று அங்கே பெருங்கூட்டம் கூடும்.

நகரங்கள் அண்மையில் இருத்தலும் சிற்றூர் வாழ்வின் ஒரு கூறாகும். வழக்கிற்கும் பத்திரப்பதிவிற்கும் உத்தமபாளையம். அங்கே 1956 முதற் கல்லூரியும் உண்டு. திரைப்படத்திற்கும் துணிமணிக்கும் கம்பம். ஆட்சியரைக் காணத் தேனி. இரயில் வேண்டுவோர் போடிநாயக்கனூருக்கோ தேனிக்கோதான் போதல் வேண்டும். அகலப்பாதை ஆக்கும்பொருட்டு 2010 இறுதியில் நின்ற அவ்வண்டியும் தேனிக்கு 2022-இலும் போடிக்கு 2023-இலும்தான் மீண்டு வந்தது. இசையென்றாலோ, நகரத்திற்கு இப்பள்ளத்தாக்கு கொடுத்ததே மிகுதி. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இங்குள்ள ஊரே.

இனி ஒன்று கூறாமல் விடுதல் முறையன்று. நம்பி ஒவ்வொரு நிலத்தும் உயர்ந்தோர், அல்லோர் என இருவகை மக்களை வைத்தார். தொழிலை மட்டும் இருவர்க்கும் பொதுவாக ஒரே நிரலில் வைத்தார். வாழ்வில் அந்நிரல் இரண்டாகப் பிளந்து கிடக்கின்றது. நீர் திறத்தல் நிலமுடையார்க்கு விழா. கூலியாளுக்கு நாற்றுப் பறிக்கும் நாள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் கொடிப்பந்தலின்கீழ், கழுத்தை அண்ணாந்து கவாத்துச் செய்வோர்க்கும் மருந்து தெளிப்போர்க்கும் ஏறு தழுவற் களத்தில் நின்று காணும் பொழுது அரிதே.

அவர்தம் கூலியும் உறுதியுடையதன்று. 2011 டிசம்பரில் அணைபற்றிய பிணக்கு மூண்டபோது குமுளிச் சாலை அடைபட்டது, இருபுறத்தாரும் அல்லற்பட்டனர். தோட்டங்களுக்குச் சென்றிருந்தோர் பலர் உடைமைகளை விட்டு மீண்டனர். எல்லை நோக்கி மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்தனர். 2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாமெனத் தீர்ப்பளித்தது. நீரைப் பற்றிய வழக்கிற்கு நீதிமன்றம் உண்டு. அவ்வாரங்களில் இழந்த கூலியைக் கேட்க இடமில்லை.

இம்மலைமேல் இருபுறத்தாரும் கூடும் நாள் ஒன்றுண்டு. வேங்கை நிழலில் நின்ற கண்ணகியைக் குன்றக் குரவர் கண்டு குரவையாடினர் எனச் சிலம்பு கூறும் குன்றம், கூடலூர்க்கு மேலுள்ள மங்கலதேவி மலையே என்பது இப்பகுதி மக்களின் துணிபு. ஆண்டில் சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டுமே அங்குள்ள பழங்கோயிலுக்கு ஏற இசைவுண்டு; ஏற்பாடுகளை இரு மாநில அதிகாரிகளும் முன்கூட்டியே கலந்து முடிவு செய்வர். கேரளத்தார் குமுளியினின்று ஜீப்பில் வருவர். நம்மவர் பளியன்குடி வழியே காட்டுப்பாதையில் நடந்து ஏறுவர். காலையில் இருமொழியிலும் வழிபாடு கேட்கும். பொழுது சாயுமுன் யாவரும் இறங்கிவிடுதல் வேண்டும்.