கைப்பேசியின் மூளை மாறினால்...

கைப்பேசியின் மூளை 'சிப்' என்பதை நாம் அறிவோம். அம்மூளைக்கும் ஒரு தாய்மொழி உண்டு! பெரும்பாலான கைப்பேசிகளில் அது 'ஆர்ம்'. மேசைக் கணினிகளில் நெடுங்காலம் கோலோச்சியதோ இன்டெல் நிறுவனத்தின் 'எக்ஸ்86'.

2012 ஏப்ரலில் இன்டெல் சிப் பொருத்திய முதல் ஆண்ட்ராய்டு ஸ்மார்ட்போனாகிய 'சோலோ எக்ஸ்900' நம் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது! ஜாவாவில் எழுதிய ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் சிக்கலின்றி ஓடின. ஆனால் விளையாட்டுகள் பல நேரே ஆர்ம் மொழியில் அமைந்திருந்தன. அவற்றுக்காக ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளையும் இன்டெல் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆங்கிலப் பாடத்தை மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே படித்தால் நமக்கு நேரமும் ஆகிறது, களைப்பும் வருகிறதல்லவா? (கணக்குப் பாடத்தில் எப்படியும் களைப்புத்தான்!) சிப்புக்கும் அவ்வாறே. மொழிபெயர்க்கும் வேலைக்கும் மின்கலம்தான் மின்சாரம் தர வேண்டும்.

இத்தனைக்கும் அந்தச் சிப் வேகத்தில் சளைத்ததன்று. ஆயினும் எல்லாரும் ஆர்ம் பேசும் ஊரில், சிலருக்காக மட்டும் மென்பொருளை மீண்டும் அமைத்துச் சோதிக்க எத்தனை பேர் முன்வருவர்? 2016-இல் இன்டெல் தன் கைப்பேசிச் சிப் திட்டங்களைக் கைவிட்டது.

2020-இல் ஆப்பிள் தன் மாக் கணினிகளை இன்டெல்லிலிருந்து ஆர்முக்கு மாற்றத் தொடங்கியது. அங்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். 'ரொசெட்டா 2' என்று பெயர். ஆனால் அவர் கெட்டிக்காரர்; பெரும்பகுதியை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துவிடுவார்!