அம்பு போடும் முன் வடிவத்தைப் பாருங்கள்

"கார்பன் டை ஆக்சைடில் இரண்டு பிணைப்புகளும் முனைவுள்ளவை. அப்புறம் மூலக்கூறு மட்டும் எப்படி சார் முனைவற்றதாகும்?" பிளஸ் ஒன் மாணவர்கள் வருடம் தவறாமல் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வேதிப் பிணைப்புப் பாடத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். இத்தனை வருடம் பாடம் எடுத்ததில் எனக்குப் பலன் தந்த வழிகளை இங்கே சொல்கிறேன்.

இரண்டு கேள்விகளைக் கலக்காதீர்கள்

பிணைப்பு முனைவுள்ளதா என்பது ஒரு கேள்வி. மூலக்கூறு முனைவுள்ளதா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குப் பாலிங் அளவீட்டின் எலக்ட்ரான் கவர்தன்மை பதில் சொல்லும்: ஹைட்ரஜன் 2.2, கார்பன் 2.55, நைட்ரஜன் 3.04, ஆக்சிஜன் 3.44, புளூரின் 3.98. இரண்டாவதற்கு இந்த எண்கள் மட்டும் போதாது, வடிவமும் தெரிய வேண்டும். கார்பன் டை ஆக்சைடு நேர்க்கோட்டு மூலக்கூறு. இரண்டு ஆக்சிஜன்களும் எதிரெதிர்த் திசையில் சமமாக இழுப்பதால் இருமுனைத் திருப்புத்திறன் சுழியாகிறது.

வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் லூயிஸ் அமைப்பு. அடுத்து, மைய அணுவைச் சுற்றி எத்தனை எலக்ட்ரான் இரட்டைகள் என்ற கணக்கு. இங்கே இரட்டைப் பிணைப்பை ஒன்றாகவே எண்ண வேண்டும். பிறகு வடிவம், கடைசியில் பிணைப்புகளின் முனைவுத் திசையைக் காட்டும் அம்புக்குறிகள்.

வாய்பாட்டைப் பார்த்து வடிவத்தை ஊகிக்கவே கூடாது. சல்பர் டை ஆக்சைடின் வாய்பாடும் கார்பன் டை ஆக்சைடு போலத்தான் இருக்கிறது. ஆனால் கந்தகத்தின் மேல் ஒரு தனித்த இரட்டை உட்கார்ந்திருப்பதால் மூலக்கூறு வளைகிறது, சுமார் 1.6 டிபை திருப்புத்திறனும் வந்துவிடுகிறது. நீரில் தனித்த இரட்டைகள் இரண்டு. அவை பிணைப்புகளை நெருக்கித் தள்ளுவதால் 109.5 டிகிரியாக இருக்க வேண்டிய கோணம் 104.5 ஆகக் குறைகிறது.

தாளை நம்பாதீர்கள்

டைகுளோரோமீத்தேனைக் கூட்டல் குறி போலத் தட்டையாக வரைந்து, குளோரின்களை எதிரெதிரே போட்டால், அது முனைவற்றது என்றே தோன்றும். உண்மையில் அதன் திருப்புத்திறன் 1.6 டிபை. நான்முகியில் 'எதிரே' என்று ஓர் இடமே கிடையாது. எந்த இரண்டு மூலைகளை எடுத்தாலும் இடையே உள்ள கோணம் ஒன்றுதான்.

இதைப் புரியவைக்க வகுப்பில் பலூன்களைக் கட்டிக் காட்டுவேன். ஒரே அளவில் ஊதிய பலூன்களின் வாய்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டால், இரண்டு நேர்க்கோடாகவும் மூன்று முக்கோணமாகவும் நான்கு நான்முகியாகவும் தாமே விலகி நிற்கும். கில்லஸ்பியும் நைஹோமும் 1957-இல் ஒழுங்குபடுத்திய எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை கண்முன்னே நிற்கும். ஒரு பலூனைப் பெரிதாக ஊதிவிட்டால் அதுதான் தனித்த இரட்டை. மற்ற மூன்றும் நெருங்குவதைப் பார்க்கலாம்.

அம்மோனியாவையும் நைட்ரஜன் டிரைபுளூரைடையும் ஒன்றாகப் படியுங்கள்

இரண்டுமே முக்கோணப் பிரமிடு வடிவம். கவர்தன்மை வேறுபாடு நைட்ரஜன்–புளூரின் பிணைப்பில்தான் சற்று அதிகம். ஆனாலும் அம்மோனியாவுக்கு 1.47 டிபை, நைட்ரஜன் டிரைபுளூரைடுக்குச் சுமார் 0.24 மட்டுமே. காரணம் திசை. அம்மோனியாவில் பிணைப்பு அம்புகள் நைட்ரஜனை நோக்கிச் செல்கின்றன; தனித்த இரட்டையின் பங்கும் அதே பக்கம், அதனால் கூடுகிறது. மற்றதில் அம்புகள் புளூரினை நோக்கிச் செல்ல, தனித்த இரட்டை எதிர்ப்பக்கம் இழுக்கிறது, அதனால் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. தேர்வில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் இந்தக் கேள்விக்குப் படம் வரைந்து விடை எழுதுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வேதியியல் புத்தகத்தில் அம்பின் முனை எதிர்மின் பக்கம் இருக்கும். இயற்பியலில் இருமுனைத் திருப்புத்திறனின் திசை எதிர்மின்னிலிருந்து நேர்மின்னை நோக்கி. இரண்டு பாடத்தையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவ அட்டவணையை மனப்பாடம் செய்ய உட்காரும் முன், போரான் டிரைபுளூரைடு, குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு மூன்றையும் இந்த வரிசைப்படி நீங்களே வரைந்து பாருங்கள். மூன்றிலும் பிணைப்புகள் முனைவுள்ளவை. மூலக்கூறு முனைவுள்ளதாக இருப்பது ஒன்றுதான். அது எது, ஏன் என்று பக்கத்திலிருக்கும் நண்பருக்கு விளக்க முடிந்தால் இந்தப் பாடம் உங்கள் கைக்குள் வந்துவிட்டது.