பழைய மென்பொருளும் புதிய கணினியும்

ஏட்டுச்சுவடிகளைச் செல்லும் காலமும் அழித்த வரலாற்றை நாம் நன்கறிவோம். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901) எஞ்சிய ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றியமையாற் கலித்தொகை முதலிய நூல்கள் பிழைத்தன. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. செல்லும் தீயும் தீண்டாமலே எழுத்து மறைந்துபோகும் மூன்றாவது வழியொன்றும் இற்றைநாளில் உண்டு. கோப்பு வட்டிலே பழுதின்றி இருக்கும். அதனைத் திறக்கும் மென்பொருளோ புதிய கணினியில் இயங்காது. இக்குறையைக் களையும் முறையைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்பரொருவர் தம் பாட்டனாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அடங்கிய நெகிழ்வட்டொன்றை எம்மிடம் கொணர்ந்தார். இடப்பெயர்வுகளால் அச்சுப்பிரதி ஒன்றேனும் எஞ்சவில்லை. ஐந்து தலைமுறை வமிசாவளி அவ்வட்டினுள் இருந்தது. அது பேஜ்மேக்கரின் பழைய பதிப்பிலே, பாமினி எழுத்துருவில் ஆக்கப்பட்டது. அதனை மீட்ட வகையே பின்வரும் பாடமாம்.

முதலாவது, மூலத்தைக் காத்தல். நெகிழ்வட்டின் மூலையிலுள்ள சிறு தடுப்பை நகர்த்தித் துளை திறந்திருக்குமாறு செய்தல் வேண்டும். அதன்பின் கணினி அதில் எதனையும் எழுத இயலாது. கோப்புக்களைப் படியெடுத்து, படியின்மேலேயே பரிசோதனைகளைச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பிழை எவ்விடத்தது எனத் தெளிதல். நோய்முதல் நாடாது மருந்து கொடுத்தல் எங்ஙனம் பயன்படும்? பழைய மென்பொருள்களுட் சில 16 பிட் முறையிலும், பிற்பட்டவை 32 பிட் முறையிலும் அமைந்தவை. 64 பிட் விண்டோஸ் 32 பிட் மென்பொருளை ஏற்கும். 16 பிட் மென்பொருளை அறவே ஏற்காது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே உள்ளது. சிலபோது மென்பொருள் 32 பிட்டாயிருக்க, அதனை நிறுவும் சிறுநிரல் மட்டும் 16 பிட்டாயிருத்தலும் உண்டு. அந்நிலையிற் குற்றம் வாயிலில் உள்ளதேயன்றி வீட்டில் உள்ளதன்று.

மூன்றாவது, நோய்க்கேற்ற மருந்து. 32 பிட் மென்பொருளாயின், அதன்மேல் வலப்பொத்தானை அழுத்திப் பண்புகள் என்பதைத் திறந்து, பொருந்துகைப் பகுதியில் விண்டோஸ் எக்ஸ்பி முதலிய பழைய பதிப்பொன்றைத் தெரிக. அப்போது விண்டோஸ் தன் விடைகளிற் சிலவற்றைப் பழைய பதிப்பைப் போன்றே அளிக்கும். தன் கோப்புறையினுள் எழுத முயன்று தடைப்படும் மென்பொருளை வேறொரு கோப்புறையில் நிறுவின் அத்தடை பெரும்பாலும் நீங்கும். டொஸ் காலத்து மென்பொருளுக்கு 2002இல் முதன்முதல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் உதவும். 16 பிட் விண்டோஸ் மென்பொருளுக்கோ கணினியினுள்ளே மெய்ந்நிகர்க் கணினியொன்றை அமைத்து, அதில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவுதல் தக்கது. எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014இல் நின்றுவிட்டமையால் அதனை இணையத்தோடு இணைத்தல் ஆகாது. அன்பரின் மலர் இவ்வழியாலேயே திறந்தது.

திறந்தவுடன் பணி முடிந்ததெனக் கருதற்க. பாமினி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்தவை. 'தமிழ்' என்னுஞ் சொல் அக்கோப்பில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே உறைகின்றது. பாமினி இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலமாகத் தோன்றுதல் இயல்பே. ஆதலின் நான்காவது படி, அதனை ஒருங்குறிக்கு மாற்றுதல். ஒருங்குறி தமிழெழுத்துக்குத் தனியிடம் வகுத்திருத்தலின், எந்த எழுத்துருவாலும் அதனைப் படித்தல் கூடும். ஆயின் எழுத்துரு விபரம் நீங்கிய வெறும் பாடமாகக் கோப்பை மாற்றுதல் கூடாது. இடையே உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழெனக் கொள்ளப்பட்டுச் சிதையும்.

ஐந்தாவது, ஒப்புநோக்கல். இது பொறியின் தொழிலன்று, மனிதன் தொழில். பாமினியில் 'கொழும்பு' என்பதற்கு முதலிற் கொம்பும், பின்பு ககரமும், அதன்பின் அரவும் வரும். ஒருங்குறியிலோ ககரமே முதலில் நிற்கும். இவ்வரிசை மாற்றத்தை மாற்றி நிரல் செய்துவிடும். ஆனால் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே இடம். ஆதலால் 'கௌரி' என்னும் பெயர் 'கெளரி' என மாறிவரினும் வரும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு. அவ்வமிசாவளியில் அன்பரின் பூட்டியார் பெயர் கௌரி. தேடியபோது அப்பெயர் அகப்படவில்லை. பின்னர்த் திரையில் அச்சம்மையார் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தே திருத்தினோம்.

பழைய மென்பொருளை என்றென்றும் இயக்கிக்கொண்டிருத்தல் நம் நோக்கமன்று. அது ஆற்றைக் கடக்கும் ஓடம். கரையேற வேண்டியவை அதிலுள்ள சொற்களே. ஓடம் மிதக்கும்போதே அவற்றை இறக்கிக்கொள்ளுதல் அறிவுடைமையாம். காந்தப் பூச்சுடைய நெகிழ்வட்டும் ஆண்டுதோறும் நலிவது. அதனைப் படிக்கும் கருவியும் அருகிவருவது.

ஆதலின் பழைய மாணவ அன்பர்காள், உங்கள் அலுமாரிகளைத் திறந்து பாருங்கள். கல்லூரி மலர், ஊர்க் கோயில் மலர், நினைவு மலர் எனத் தட்டெழுதிய வட்டுக்கள் எத்தனையோ அங்கு உறங்கக்கூடும். இன்றைய மாணவர்காள், அவற்றை வாங்கி வாசிக்க முன்வாருங்கள். ஒருவரிடம் வட்டும் மற்றவரிடம் வித்தையும் உள்ளன. இரண்டும் கூடுதற்கு இவ்விழா நன்னாளினும் தக்க காலம் வேறியாது?