ஒளியின் வேடத்தில் வரும் இருள்

தீமை தன் சொந்த உருவில் வந்தால் அதனிடம் ஏமாறுபவர் மிகச் சிலரே. அது நன்மையின் வேடம் பூண்டு வரும்போதுதான் சாதகனும் தடுமாறுகிறான். சாத்தானைப் பற்றி பைபிள் தரும் எச்சரிக்கையின் சாரம் இதுவே.

'சாத்தான்' என்ற எபிரேயச் சொல்லுக்கு எதிராளி, குற்றம் சாட்டுபவன் என்று பொருள். அவனது ஆயுதம் வாள் அன்று; சொல். ஆதியாகமத்தில் வரும் பாம்பு ஏவாளை வற்புறுத்துவதில்லை. ஒரு கேள்வியைக் கேட்டு, கடவுளின் சொல்லில் ஐயத்தை விதைக்கிறது. பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த இயேசுவிடமோ அவன் வேத வாக்கியத்தையே மேற்கோள் காட்டுகிறான். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கத் தூண்டும்போது அவன் எடுத்தாள்வது 91-ஆம் சங்கீதம். இயேசுவும் வேதத்தைக் கொண்டே பதிலளிக்கிறார். அவன் வேதத்தைக் கடவுளைச் சோதிக்கப் பயன்படுத்துகிறான். அவரோ கடவுளுக்குப் பணியப் பயன்படுத்துகிறார். வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது.

யோபுவின் நூலில் இச்சூழ்ச்சி இன்னும் நுட்பமாகிறது. லாபம் கருதியே யோபு பக்தி செய்கிறார் என்பது சாத்தானின் குற்றச்சாட்டு. செல்வம், மக்கள், உடல்நலம் ஆகிய அனைத்தையும் யோபு இழக்கிறார். ஆறுதல் கூற வந்த நண்பர்களோ, அவர் பாவம் செய்ததால்தான் இத்துன்பம் வந்தது என்று வாதிடுகின்றனர். கேட்பதற்கு இது பக்தியாகவே தோன்றுகிறது. ஆனால் நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது அந்த நண்பர்களைத்தான். சாத்தானின் குற்றச்சாட்டுக்கும் நண்பர்களின் உபதேசத்திற்கும் அடிப்படை ஒன்றே: பக்தி ஒரு வியாபாரம் என்ற எண்ணம்.

இந்த நூல் நம் தென்கோடியில் ஒருவரது வாழ்வையே மாற்றியது. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை, களியக்காவிளை வழியாகத் தெற்கே சென்றால், மார்த்தாண்டத்தை அடுத்து உள்ளது நட்டாலம். இன்று இடையில் மாநில எல்லை இருந்தாலும் அன்று இவையனைத்தும் திருவிதாங்கூரே. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனைப் பணியில் இருந்தார். கால்நடைகளையும் பயிரையும் இழந்து அவர் கலங்கியபோது, 1741 குளச்சல் போரில் சரணடைந்து பின்னர் திருவிதாங்கூர்ப் படைத்தளபதியான டிலனாய் யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தார் என்பர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டார், மூன்றாண்டுத் துன்பங்களுக்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இழந்த பொருளைத் திரும்பப் பெறுவதற்காக அவர் நம்பியிருந்தால், பதவி பறிபோன அன்றே அந்த நம்பிக்கையும் போயிருக்கும். யோபுவின் மீது சாட்டப்பட்ட குற்றம் பொய் என்பதற்கு அவரது வாழ்வும் ஒரு சான்று.

நசிகேதனுக்கு யமன் செல்வத்தையும் நீண்ட ஆயுளையும் தருவதாகக் கூறியபோது, அவன் பிரேயஸை விட்டு சிரேயஸையே நாடினான் என்கிறது கடோபநிஷதம். இந்த விவேகமே சாதகனின் கவசம். ஓர் எண்ணம் பக்தியின் மொழியில் பேசும்போது இரண்டு கேள்விகளைக் கேட்போம். இது என்னைக் கடவுளுக்குத் தொண்டனாக்குகிறதா, அல்லது கடவுளை என் ஏவலாளாக்கப் பார்க்கிறதா? பிறர் துயரைக் கண்டால் என் கை உதவிக்கு நீள்கிறதா, அல்லது அவர்களின் குற்றத்தைச் சுட்ட நீள்கிறதா? இவற்றுக்கு நேர்மையாகப் பதில் கூறுபவனிடம் இருளின் வேடம் நெடுநேரம் நிலைக்காது.